மரகதத்தின் இரண்டாம் குளியல்

“எண்ணெய் நல்லாவே ஊறியிருக்கு... மசாலா எப்பங்க தடவப் போறீங்க?”

கேட்டவன் கையில் தரை துடைக்கிற மாப் இருந்தது. முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைத்தான் சுபாஸ்ரீயால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அல்வால் பகுதியில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் அந்தச் சின்ன க்ளினிக்கின் வாசலில் அவள் தொப்பலாக நனைந்து நின்றாள். தை மாதத்தில் இந்த மழையை யார் கேட்டார்கள்? சங்கராந்திக்கு விட்ட பட்டங்கள் மின்கம்பிகளில் கிழிந்து தொங்க, ஐதராபாத் முழுக்கக் குளிரில் விறைத்துக் கிடந்தது. அவள் மார்போடு அணைத்திருந்த துண்டுக்குள் ஒரு வெள்ளைக் கோழி. இறகெல்லாம் நல்லெண்ணெயில் திரிதிரியாக ஒட்டிக்கொண்டு, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு... ஆட்டோவில் வரும் வழியெல்லாம் “மரகதம், கண்ணைத் தொறடி, தொறடி” என்று அவள் புலம்பிக்கொண்டே வந்திருந்தாள். வாசலிலும் அந்தப் புலம்பல் நிற்கவில்லை. அதைக் கேட்டுத்தான் அவன் தமிழில் பேசியிருக்க வேண்டும்.

“உங்க டாக்டரைக் கூப்பிடுங்க.”

“ஏனுங்க, அதுக்குள்ள கோவமா?”

“இது செத்துண்டிருக்கு. உங்களுக்கு மசாலா கேக்கறதா? வெக்கமா இல்லை? கோழின்னா எல்லாருக்கும் இளப்பமா போச்சு, இல்லையா? ஹவ், ஆமாம், கோழிதான். எங்காத்துக் கோழி. டாக்டர் எங்கே?”

மாப் சுவரில் சாய்ந்தது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“நான்தானுங்க டாக்டர்,” என்றான் அவன், மெதுவாக. “மன்னிச்சுக்கங்க. தப்பாப் பேசிட்டேன். குடுங்க.”

அவன் பெயர் பிரசன்னா. ஊர் நாமக்கல். பேகம்பேட்டில் ஒரு கோழிப்பண்ணைக் கம்பெனியில் கோழி டாக்டர். இந்த க்ளினிக் கூடப் படித்த நண்பனுடையது. நண்பன் ஊருக்குப் போயிருந்ததால் ஒரு மாதத்துக்குச் சனிக்கிழமைகளில் மட்டும் இவன் பார்த்துக்கொண்டிருந்தான். இதெல்லாம் அவள் பிறகு தெரிந்துகொண்டது. அந்த நிமிடத்தில் அவள் பார்த்தது அவன் கைகளை மட்டும்தான். ஒரு கையை மரகதத்தின் மார்புக்கு அடியில் கொடுத்து, மறு கையால் இறக்கைகளை உடம்போடு சேர்த்து அணைத்து, கோழியின் பாதங்களைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். எத்தனை பெரிய கைகள்... எத்தனை மெதுவாக...

“கால் ஐஸ் மாதிரி இருக்கு. யாருங்க எண்ணெய் தேச்சது?”

“அப்பா,” என்றாள்.

அப்பா நாராயணஸ்வாமி, பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முட்டைகூட உள்ளே வராத வீட்டில் கோழி வந்ததே அம்மாவால்தான். பச்சைச் சாயம் பூசிய குஞ்சுகளைக் கூடையில் வைத்து விற்றுக்கொண்டு போனவனிடம், சாகக் கிடந்த ஒன்றை அம்மா அபயம் வாங்கி வந்தாள். பச்சையாக இருந்ததால் மரகதம். சாயம் போய் வெள்ளைக் கோழியான பிறகும் பெயர் போகவில்லை. அது இடும் முட்டைகள் பக்கத்து வீட்டு ரோஸ்லினுக்கு.

பதினோரு மாதம் முன்னால் ஒரு ராத்திரி அம்மா நெஞ்சை அடைக்கிறது என்றாள். வாயுவாக இருக்கும் என்று அப்பா இஞ்சிச் சாறு கொடுத்தார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். காலையில் பார்ப்பதற்கு அம்மா இல்லை. அன்றிலிருந்து அப்பா மனிதர்களோடு பேசுவதை விட்டுவிட்டார். பேசுவதெல்லாம் மரகதத்தோடு மட்டும்தான். “சாப்டியாடி?” “வெயில் ஏறிடுத்து, உள்ள வா.” அந்த நாலு வார்த்தையைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுத்தான், அப்பா இன்னும் இருக்கிறார் என்று சுபாஸ்ரீ நம்பிக்கொண்டிருந்தாள்.

நேற்று வெள்ளிக்கிழமை. மரகதம் மண்ணில் புரண்டு புழுதியாக வந்திருக்கிறது. பெண்களுக்கு வெள்ளிக்கிழமைதானே எண்ணெய்க் குளியல், அம்மா ஒரு வெள்ளியும் தவறவிட்டதில்லையே என்று அப்பா நல்லெண்ணெயைக் காய்ச்சி, ஆறவைத்து, உச்சி முதல் வால் வரை தேய்த்துவிட்டார். சீயக்காய் போட்டுக் குழாய்த் தண்ணீரில் அலசியும் விட்டார். பேகம்பேட்டில் வேலை முடிந்து அவள் வீடு திரும்பியபோது மரகதம் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. அவள் போட்ட சத்தத்தில்...

“கத்திட்டேன்,” என்றாள். “‘இதையும் கொன்னுட்டியாப்பா’ன்னு கேட்டுட்டேன். ‘இதையும்’னு... ராத்திரி சாப்பிடலை. காலம்பற காப்பியையும் தொடலை. சுவத்தைப் பாத்துண்டு உக்காந்திருக்கார். இது போயிடுத்துன்னா அவரும்...”

அழுதாள். முன்பின் தெரியாத ஒருவன் முன்னால், எண்ணெய் நாற்றமடிக்கும் கையோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு... அவன் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அந்த மரியாதை அவளுக்குப் பிடித்திருந்தது.

“இப்ப குளிப்பாட்டக் கூடாதுங்க,” என்றான். “நடுங்கற கோழிய நனைச்சா அதோட முடிஞ்சுது. முதல்ல சூடு. அட்டைப் பெட்டில துணி போட்டு, மேல ஒரு குண்டு பல்பு. கால் வெதுவெதுன்னு ஆகணும். இங்க நாய் சத்தத்துக்கே இதுக்கு நெஞ்சு நின்னுரும், வீட்டுக்குக் கொண்டு போங்க. ஒரு மணிக்குக் கடைய மூடிட்டு நான் வர்றேன்.”

“வீட்டுக்கா?”

“மசாலா கேக்க மாட்டனுங்க. சத்தியமா.”

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவிடவில்லை.

ஒரு மணிக்கு வந்தான். சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தது, செருப்பை வெளியில் விட்டது, கேட்காமலே கையைக் கழுவிக்கொண்டது... இதையெல்லாம் கணக்கெடுக்கும் தன் மனசை அவள் அதட்டி உட்கார வைத்தாள். கோழி உயிருக்குப் போராடுகிறது, இவளுக்கு இப்போது இதுவா முக்கியம்?

“டாக்டர் வந்திருக்கார்ப்பா,” என்று உள்ளறைக் கதவில் சொன்னாள். கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த முதுகு அசையவில்லை.

வராந்தாவில் இரண்டு டப். ஒன்றில் கீஸர் வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் விளாவி, பாத்திரம் தேய்க்கிற சோப்பு நாலு சொட்டு. இன்னொன்றில் வெறும் வெதுவெதுப்பான தண்ணீர்.

“முழங்கையை விட்டுப் பாருங்க. சுடவும் கூடாது, சில்லுன்னும் இருக்கக் கூடாது.”

“குழந்தைக்குப் பாக்கற மாதிரியா?”

“குழந்தைன்னா அழுது சொல்லிரும். இது சொல்லாதுங்க. பயம் உள்ளுக்குள்ளயே ஏறி ஏறி... திடீர்னு தலை தொங்கிரும்.”

மரகதத்தின் கண்களுக்கு மேல் ஒரு மெல்லிய துணியைப் போட்டான். வெளிச்சம் மறைந்ததும் அது சற்று அடங்கியது. காலை முதலில் டப்பின் அடியில் ஊன்றவிட்டான். தரை கிடைத்தால்தான் மூழ்கிப் போகிறோம் என்று அது பயப்படாதாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, கழுத்துக்குக் கீழே மட்டும் தண்ணீர்.

“நீங்க மார்புக்கு அடியில கை குடுங்க. அழுத்தாதீங்க, அப்பறம் மூச்சு விட முடியாது. நான் தேய்க்கறேன். இறகு போற போக்குல மட்டும். எதிர்ல தேச்சா ஒடிஞ்சிரும்.”

தண்ணீருக்குள் அவன் விரல் அவள் விரலில் மோதியது. இருவருமே எடுக்கவில்லை... எடுத்தால் கோழி நழுவிவிடும் என்பது ஒரு காரணம். நல்ல காரணம்தான்.

“பேசுங்க,” என்றான்.

“என்ன பேச?”

“என்கிட்ட இல்லீங்க. அதுகிட்ட. தெரிஞ்ச குரல் கேட்டா பயம் போகும்.”

காது மடல் சூடாகி, அவள் குனிந்துகொண்டாள். “மரகதம்... கண்ணம்மா... ஒண்ணுமில்லைடி...” சோப்பு நுரை மஞ்சளாகி, எண்ணெய் பிரிந்து மிதந்தது. மரகதத்தின் கழுத்து மெல்லச் சரிந்து அவள் மணிக்கட்டில் படிந்தது. சுபாஸ்ரீ பதறிவிட்டாள்.

“ஐயோ!”

“நக்கோ நக்கோ, கத்தாதீங்க,” என்றான் அவன், கொங்கு வாயில் ஐதராபாத்தை வைத்துக்கொண்டு. “தூங்குதுங்க. வெந்நீர்ல கோழி தூங்கும்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு முழத் தூரத்தில் அவன் கண்கள். களைத்த கண்கள். பல நாளாகத் தூங்காதவனுடைய கண்கள். சிரிக்கும்போதுகூட அவற்றின் அடியில் ஏதோ ஒன்று சிரிக்காமல் கிடந்தது. இவனுக்கு என்ன துக்கம் என்று அவள் மனசு கேட்டது. கேட்கிற உரிமை எங்கிருந்து வந்தது என்று அதை அவள் கேட்கவில்லை.

கால் மணி நேரத்தில் மரகதம் வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கியது. உடனே நிறுத்திவிட்டான். அலசி எடுத்து, துண்டால் ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்து, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு கை தூரத்தில் பிடித்துக் காயவைத்தான்.

“பாதி எண்ணெய்தாங்க போயிருக்கு. இன்னும் தேச்சா தாங்காது. ஒரு வாரம் தின்னு தெம்பு வரட்டும். அடுத்த சனிக்கிழமை இன்னொரு தடவை. எண்ணெய் போகாம இறகு குளிரத் தாங்காது. மூக்கால கோதிக் கோதி எண்ணெய் வயித்துக்கும் போகும். அதுவரைக்கும் ஈரமோ குளிரோ பட்டுரக் கூடாது.”

“பொழைச்சுடுமா?”

அவன் யோசித்தான். “சாயம் பூசி விக்கறது எல்லாம் பண்ணையில கழிச்சுவிட்ட சேவல் குஞ்சுங்க. இது பொட்டை. பிரிக்கறவங்க கண்ணுக்குத் தப்பி வந்திருக்கு. ஒருக்கா தப்பிச்சிருக்கு. இன்னொருக்காவும் தப்பிக்குமான்னு இப்பச் சொல்ல முடியாதுங்க.”

பொய்யாக ஒரு ‘பொழைச்சுடும்’ சொல்லியிருக்கலாம். சொல்லாதவனை அவள் அன்றைக்கே நம்பிவிட்டாள்.

திங்கட்கிழமை வந்தான். செவ்வாயும் வந்தான். பேகம்பேட்டிலிருந்து அறைக்குப் போகிற வழிதான் என்றான். எந்த ஊர் வழி அது என்று அவளும் கேட்கவில்லை. பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதும் தலை வாரிக்கொள்ளத் தோன்றியது, வாரிக்கொண்டாள். மரகதம் கொஞ்சம் கம்பு கொத்தியது. புதன்கிழமை சாயங்காலம், யாரும் எதிர்பார்க்காமல், உள்ளறைக் கதவு திறந்தது.

நாராயணஸ்வாமி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்து நாளில் பாதியாகிவிட்டிருந்தார். பிரசன்னாவின் மடியில் இருந்த மரகதத்தையே பார்த்தார். பிறகு, பதினோரு மாதத்தில் முதல்முறையாக, ஒரு மனிதனைப் பார்த்துப் பேசினார்.

“இதுவரைக்கும் எத்தனை கோழியைக் காப்பாத்தியிருக்கேள்?”

காப்பி டம்ளரோடு சமையலறை வாசலில் சுபாஸ்ரீ சிலையாக நின்றாள். அப்பாவின் குரல்! சொல்லு பிரசன்னா, ஆயிரம் என்று சொல்லு, லட்சம் என்று சொல்லு...

பிரசன்னா நெடுநேரம் மரகதத்தின் முதுகையே தடவிக்கொண்டிருந்தான்.

“காப்பாத்தினது எத்தனைன்னு தெரியலீங்க சார். கொன்னதுக்குத்தான் கணக்கு எழுதி வெச்சிருக்கோம். போன வருஷம் பறவைக் காய்ச்சல் வந்தப்ப எங்க பண்ணைல இருபத்திரெண்டாயிரம். நோய் வந்தது நானூறு இருக்கும். மத்ததெல்லாம் நல்லா இருந்ததுங்க. பரவக் கூடாதுன்னு... இந்தக் கையாலதாங்க சார். மூணு நாள்.”

நாராயணஸ்வாமி எழுந்தார். அவன் மடியிலிருந்து மரகதத்தை எடுத்துக்கொண்டார். உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது.

வாசல் வரை அவனோடு வந்த சுபாஸ்ரீக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“ஏன் சொன்னீங்க?”

“கேட்டாருங்க.”

“கேட்டா? பதினோரு மாசம் கழிச்சு ஒரு மனுஷர் வாயைத் திறந்திருக்கார். ஒரு பொய் சொன்னா உங்க நாக்கு வெந்துடுமா? இருபத்திரெண்டாயிரம்! அந்தக் கையாலதான் இத்தனை நாள்... தெரிஞ்சிருந்தா தொட விட்டிருக்க மாட்டேன்.”

சொன்ன பிறகுதான் சொல்லின் கனம் அவளுக்கே தெரிந்தது. அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாதவன் போலச் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

“சரிங்க,” என்றான்.

“இனிமே வராதீங்க.”

“சரிங்க. வென்னி மட்டும் முழங்கையால பாத்துக்கங்க...”

பைக் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். வீம்பு அவளுக்கு அம்மா வழிச் சொத்து. திரும்பிக் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை வந்தது. அவன் வரவில்லை. வராதே என்று சொன்னவளே மூன்று தடவை தெருமுனையைப் பார்த்துவிட்டு வந்தாள். மழை மறுபடியும் பிடித்துக்கொண்டிருந்தது. மரகதம் கம்பைத் தொடவில்லை. எச்சம் பச்சைத் தண்ணீராகப் போனது. மிச்ச எண்ணெயில் அழுக்கு அப்பி, இறகு குளிரைத் தடுக்காமல், பல்புக்கு அடியிலும் நடுங்கியது. அப்பா அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அது தின்றால்தான் தானும் என்பதுபோல் தட்டைத் தள்ளி வைத்தார்.

மத்தியானம் அவள் தனியாகவே குளிப்பாட்டப் பார்த்தாள். ஒரு கையால் பிடித்து, மறு கையால் தேய்த்து... மரகதம் ஒரு உதறு உதறியது. கை நழுவி, அதன் தலை தண்ணீருக்குள் போய்விட்டது. வாரி எடுத்துத் துண்டில் சுற்றியபோது அதன் இதயம் அவள் உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொண்டது. கொன்றிருப்பேன். அப்பா செய்ததையே நானும் செய்திருப்பேன். அன்போடு, அவசரத்தில், தெரியாமல்...

வீம்பு அங்கேயே செத்தது. போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி, மறுபடி... பிறகு எழுதினாள்: ‘நான் சொன்னது தப்பு. ரொம்பத் தப்பு. தயவுசெஞ்சு வாங்க.’

பதில் ஞாயிறு காலை வந்தது. ‘போன் காலைலதான் கைக்கு வந்துச்சுங்க. வாசலுக்கு எதிர்ல நிக்கறேன்.’

ஓடினாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம், பூட்டிய கடையின் தகரத்துக்கு அடியில் நின்றான். முகத்தில் மாஸ்க். கண்கள் குழி விழுந்து கிடந்தன. அவள் கேட்டைத் திறந்து பிடித்தாள். அவன் அசையவில்லை. கையில் போனை எடுத்தான். அவள் போன் அடித்தது.

“உள்ள வர மாட்டனுங்க.”

“மன்னிப்பு கேட்டாச்சே... இன்னும் என்ன கோவம்? கால்ல விழணுமா?”

“கோவமில்லீங்க.” குரல் கரகரத்தது. “வியாழக்கிழமை கூப்பிட்டுட்டாங்க. இன்னொரு பண்ணை. போனை வாசல்லயே வாங்கி வெச்சுட்டாங்க. மறுபடியும் காய்ச்சல். நேத்து சாயங்காலந்தான் கொன்னதையெல்லாம் போட்டுக் குழிய மூடினோம். நாலு தடவை மருந்துத் தண்ணில குளிச்சாச்சு, துணியெல்லாம் எரிச்சாச்சு. ஆனாலும் பத்து நாளைக்கு எந்தக் கோழிகிட்டயும் போகக் கூடாது, மனுசங்ககிட்டயும் நெருங்கக் கூடாது. நான் உங்க கேட்டைத் தாண்டினா மரகதத்துக்கு எமன் நான்தாங்க.”

திறந்த கேட்டைப் பிடித்தபடி அவள் மழையில் நின்றாள். எவ்வளவு பேசிவிட்டோம் இவனை...

“அப்போ நான் என்ன பண்ணட்டும்? ஒருத்தியால முடியலை. நேத்திக்கே கொன்னிருப்பேன்.”

“அப்பாவைக் கூப்பிடுங்க. ரெண்டு பேர் வேணும். வராந்தாவுல வெச்சுப் பண்ணுங்க, இங்கிருந்து எனக்குத் தெரியும். சொல்லிக் குடுக்கறேன்.”

அப்பா கட்டிலின் ஓரத்தில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, வா. நீ பிடிச்சுக்கணும்.”

“நான் வேண்டாம்மா.” எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு மகளிடம் பேசிய முதல் வார்த்தை அது. “என் கை வேண்டாம். இந்தக் கை தொட்டதெல்லாம் போயிடறது.”

சுபாஸ்ரீ போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் நீட்டினாள். அவளுக்குச் சொல்லத் தெரியாததை அவன் சொல்வான் என்று ஏனோ தோன்றியது.

“சார்,” என்றது போன். மழைச் சத்தத்துக்கு நடுவில் அவன் மூச்சு கேட்டது. “நீங்க கேட்டீங்க, எத்தனைன்னு. இப்ப அது இன்னும் கூடிப் போச்சுங்க சார். இந்தக் கையால நான் அதைத் தொட முடியாது. நீங்க எண்ணெய் தேச்சது அது நல்லா இருக்கட்டும்னுதான். அதுக்கு உங்க கையும் உங்க குரலும்தாங்க பழக்கம். இப்ப இந்தத் தெருவுல அதைத் தொடத் தகுந்த கை உங்களுதுதான். வாங்க சார். நேரமில்லீங்க.”

நாராயணஸ்வாமி போனையே பார்த்தார். தொடைக்கு அடியிலிருந்து கைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். எழுந்தார்.

வராந்தாவில் டப்புகள். முழங்கை வைத்துப் பார்த்த வெந்நீர். கண்களுக்கு மேல் துணி. “மார்புக்கு அடியில சார்... அப்படித்தான். கால் தரையில படட்டும். அவசரமில்லீங்க... சுபா, இறகு போற போக்குல... இறக்கைக்கு அடியில மறந்துராதீங்க.” எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவன் மழைத் திரையின் வழியே பார்த்துப் பார்த்துச் சொல்ல, இரண்டு பேர் செய்தார்கள். அவன் ‘சுபா’ என்று கூப்பிட்டதை அவள் கவனித்தாள். அவன் கவனிக்கவில்லை.

“பேசுங்க சார். அதுகிட்டப் பேசுங்க.”

நாராயணஸ்வாமி கோழியின் பக்கம் குனிந்தார். “மரகதம்... பயப்படாதேடி. ஆச்சு. ஆயிடும். நான் பாத்துக்கறேன்... நான் பாத்துண்டிருக்கணும்... வலிக்கறதுன்னு சொன்னியே, அபயம்... காலம்பற பாக்கலாம்னுட்டேனே... எழுந்து ஒரு ஆட்டோ பிடிச்சிருந்தா...” கோழியிடம் தொடங்கிய பேச்சு எப்போது அம்மாவிடம் போனது என்று சுபாஸ்ரீக்குத் தெரியவில்லை. கண்ணீர் கொட்டக் கொட்டத் தேய்த்தாள். அப்பா அழுதார். ஆனால் கை ஆடவில்லை. மரகதத்தின் கழுத்து சரிந்து அவர் மணிக்கட்டில் படிந்தது.

“தூங்கறதுப்பா,” என்றாள் அவள் அவசரமாக. “வெந்நீர்ல தூங்கும்.”

“தெரியறது. மூச்சு படறது கையில,” என்றார் அப்பா.

மூன்று முறை தண்ணீர் மாற்றினார்கள். கடைசி முறை அலசியபோது ஊற்றிய தண்ணீர் இறகில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது.

“ஓடுதுங்களா? உருண்டு ஓடுதா?” என்று எதிர்ப்பக்கத்தில் அவன் ஏறக்குறையக் கத்தினான்.

“ஓடறது!”

“போயிருச்சுங்க எண்ணெய். போயிருச்சு. காய வைங்க. மெதுவா, துளி ஈரம் இல்லாம...”

அரை மணி நேரம் டிரையர் ஓடியது. மரகதம் பூப்பந்தாகப் பொங்கி எழுந்து நின்று, ஒருமுறை உடம்பை உலுக்கிக்கொண்டு, அப்பாவின் உள்ளங்கையிலிருந்து கம்பு பொறுக்கியது. அப்பா அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்போது நிலைப்படியில் நின்றார்.

“அந்தப் பிள்ளை இன்னும் மழையிலயே நிக்கறான். என்ன ஜாதி, என்ன ஊர், ஒண்ணும் தெரியாது நேக்கு. ஆனா பொய் சொல்லாதவன். சாப்பிட்டானான்னு கேளு,” என்றார்.

சுபாஸ்ரீ கேட் வரை போனாள். அவன் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

“கிட்ட வராதீங்க. உங்க கையிலதான் இனிமே மரகதம் இருக்கணும்.”

“வரலை. சாப்டீங்களான்னு அப்பா கேக்கறார்.”

“இல்லீங்க. ரெண்டு நாளா இறங்கலை.” அவன் பூட்டிய கதவில் சாய்ந்துகொண்டான். “காலைல போனைத் திருப்பிக் குடுத்ததும் எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போன் பண்ணப் போயிட்டாங்க. எனக்கு அழுகையே வரலீங்க சுபா. மரத்துப் போச்சு. யார்கிட்டயாவது பேசணும்னு இருந்துச்சு. உங்க நம்பர்தான் ஞாபகம் வந்துச்சு. நீங்க தொடவே விட்டிருக்க மாட்டேன்னு சொன்னது நியாயந்தானேன்னு...”

“நியாயமில்லை.”

போன் காதில் இருந்தது. ஆனால் இதைப் போனில் சொல்லக் கூடாது என்று பட்டது. அவள் போனைக் கீழே இறக்கினாள். பக்கத்து வீட்டு ரோஸ்லின் ஜன்னல் திறந்திருந்தது; இருக்கட்டும். முப்பத்திரண்டு வயது வரை யாரிடமும் குரல் உயர்த்திச் சொல்லாத ஒன்றை, நடுத்தெருவைத் தாண்டிச் சத்தமாகச் சொன்னாள்.

“பிரசன்னா! எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அந்தக் கையோடதான் பிடிச்சிருக்கு. பத்து நாள் ஆகட்டும், இருபது நாள் ஆகட்டும். வாங்க. கோழியைப் பாக்க வேண்டாம், என்னைப் பாக்க வாங்க.”

அவன் மாஸ்க்குக்கு மேல் தெரிந்த கண்கள் அவளையே பார்த்தன. பூட்டிய கடையின் படியில் மெல்ல உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழத் தொடங்கினான். ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் கால்கள் தவித்தன. அவள் போகவில்லை. கேட் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, அவன் அழுது முடிக்கும் வரை அங்கேயே நின்றாள்.